புதன்கிழமை ஊசிக்கு வியாழக்கிழமை வரும் குறுஞ்செய்தி

தோழிக்குக் குழந்தை பிறந்து 10 நாள் ஆகிறது. "தடுப்பூசிக்கு மெசேஜ் வருமே, அதில் பேர் கொடுக்கலாமா?" என்று நேற்றுக் கேட்டாள். போனில் அரை மணி நேரம் பேசியும் என் ஆதங்கம் தீரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது இரண்டே கால் வயது. பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையிலேயே தடுப்பூசி நாளைக் குறுஞ்செய்தியில் நினைவூட்டும் சேவையில் பதிந்துவிட்டார்கள். ஊசி போட்டதெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில். சிக்கலே அங்கேதான் தொடங்கியது.

மகள் பிறந்தது வியாழக்கிழமை. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியின் தவணைகள் 6, 10, 14 வாரங்களில். வாரக் கணக்கு என்பதால் மூன்றுமே வியாழனில்தான் விழும். செய்தியும் அன்று காலைதான் வரும், "இன்று தடுப்பூசி நாள்" என்று. சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுவது புதன்கிழமை. 6 வாரம் நிறையாமல் முந்தின புதனே போடவும் முடியாது. அடுத்த புதனுக்கு இன்னும் ஆறு நாள். பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு சரியாகத் தூங்காத வீட்டில் ஆறு நாள் எதையும் நினைவில் வைத்திருக்க முடியாது. செவ்வாய் மாலை ஒரு வரி வந்திருந்தால் போதும்.

இரண்டாம் தவணையில் அதுதான் நடந்தது. நான் செய்யாறில் அம்மா வீட்டில் இருந்தேன். பதிந்திருந்தது கணவரின் எண். அவர் ஒரகடத்தில் ஷிப்ட் வேலையில் இருந்தார். ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே அந்தச் செய்தி கிடந்திருக்கிறது. இரண்டு புதன் போய்விட்டது. 13 வாரம் நிறைய ஒரு நாள் இருக்கும்போதுதான் ஊசி போட்டோம். அடுத்த வாரமே, 14 வாரக் கணக்குப்படி, "இன்று மூன்றாம் தவணை" என்று வந்து நிற்கிறது! இரண்டு தவணைகளுக்கு நடுவே குறைந்தது 4 வாரம் வேண்டும். நான் பதறிப்போய் கிராம சுகாதார செவிலியருக்குப் போன் செய்தேன். "தள்ளிப்போனா பரவாயில்லம்மா, முதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டாம். போட்ட நாள்லேர்ந்து 4 வாரம் எண்ணிக்கோ" என்றார். அந்த அக்காவின் குரல் கேட்டபிறகுதான் மனசு ஆறியது. அன்றைக்கே சேவையில் என் எண்ணுக்கு மாற்றினேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 9 மாதத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபிறகு நீண்ட இடைவெளி. குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள், தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போய்விட்டது, வீட்டில் ஒருவருக்கும் நினைப்பில்லை. 16 மாதம் முடிந்ததும் செய்தி வந்தது: தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னிக்கானது), போலியோ ஊக்கத் தவணைகள். 9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. மிச்சப் பேரைக் காப்பதற்குத்தான் இந்த இரண்டாவது. அந்த ஒரு செய்திக்காக நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன்.

நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதை அதிகரிக்கும் வழிகளை ஹரியானாவில் சோதித்தபோது, செலவிட்ட பணத்துக்கு அதிகப் பலன் தந்தது குறுஞ்செய்தியோடு ஊரில் சேதி பரப்பக்கூடிய ஆட்களையும் சேர்த்த ஏற்பாடுதான். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. எங்களுக்கு அந்த ஆள் செவிலியர் அக்கா.

அதனால் தோழிக்குச் சொன்னது: உன் எண்ணைக் கொடு, அம்மா எண்ணையும் சேர்க்க முடிந்தால் சேர். அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னிலும் பதிந்துகொள். காலண்டரில் புதன்கிழமைகளை வட்டமிடு. இரண்டாவது குழந்தை பிறந்தால் இந்தச் சேவையில் நான் பதிவேனா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன், அவ்வளவு கோபம் இருக்கிறது.

அடுத்தது 5 வயதில் டிபிடி. அந்தச் செய்தி தவறக்கூடாது என்று, பழைய சிம்மை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.