நீல அட்டையா, இளஞ்சிவப்பு அட்டையா?

என் மகனுக்கு இந்த டிசம்பரில் பதினாறரை வயது ஆகிறது. சிங்கப்பூரில் பையன்கள் அந்த வயதில் தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ள வேண்டும். நாங்கள் மூன்று பேரும் நிரந்தரவாசிகள், எல்லாரும் சொல்கிற பேச்சில் பிஆர். வேலைக்காக வந்து பிஆர் ஆன எனக்கு ராணுவச் சேவை கிடையாது. பெற்றோர் வழியாக பிஆர் ஆன மகனுக்கு உண்டு. 18 வயதை ஒட்டி இரண்டு வருடம் முழுநேரம், அப்புறம் 40 வயதுவரை அவ்வப்போது அழைப்பு. இந்திய பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துக்கொண்டே இந்த ஊர்ச் சீருடையைப் போடுவான். போகாமல் பிஆரை விட்டுவிட்டால், பிறகு இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும்.

2011-ல் பிஆர் கிடைத்ததிலிருந்து தள்ளிப்போட்டுவந்த கேள்வியை இந்தத் தேதி முன்னால் கொண்டுவந்துவிட்டது. நீல அட்டையோடு, அதாவது இந்தியக் குடிமகனாகவே இருந்துவிடுவதா? இளஞ்சிவப்பு அட்டை வாங்கி சிங்கப்பூர்க் குடிமகனாகி, ஊருக்குப் போய்வர ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) எடுத்துக்கொள்வதா? இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெறுகிறவர் இந்தியக் குடிமகனாக இருக்க முடியாது என்று இந்திய அரசியல் சாசனத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமை தருவதில்லை.

முதலில் காசுக் கணக்கு. எல்லாரும் இதைத்தான் முதலில் பேசுகிறார்கள், இதைத்தான் பாதி தப்பாகவும் பேசுகிறார்கள்.

வீட்டு விஷயத்தில் குடிமகன் பக்கம் தராசு நன்றாகவே சாய்கிறது. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் நேரடியாகப் புது வீடு வாங்க, குடும்பத்தில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். பிஆர் தம்பதிக்கு மறுவிற்பனை வீடுதான், அதுவும் இருவரும் பிஆராகி மூன்று வருடம் ஆன பிறகு. நாங்கள் 2014-ல் ஈசூனில் வாங்கியது அப்படித்தான். தேடும்போது இரண்டு வீடு பிடித்துப்போய் முன்பணம் கொடுக்கிற நேரத்தில் கைவிட வேண்டியிருந்தது. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், எந்த இனத்தாருக்கு எத்தனை வீடு என்ற இன விகிதாசாரம் உண்டு. அதற்கு மேல் மலேசியர் அல்லாத பிஆருக்குத் தனி வரம்பு. இந்திய பிஆர் குடும்பம் இரண்டு வாசலையும் தாண்டியாக வேண்டும். பிறகு முத்திரை வரி. முதல் வீட்டுக்குக் குடிமகனுக்குக் கூடுதல் முத்திரை வரி இல்லை, பிஆருக்கு 5 சதவீதம். 4 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீடு என்றால் 20,000 வெள்ளி.

மசேநி, அதாவது மத்திய சேமநிதிக் கணக்கில் நீல அட்டைக்கு ஒரு பலம் இருக்கிறது. 55 வயதுக்குக் கீழே சம்பளத்தில் முதலாளி 17, தொழிலாளி 20 என 37 சதவீதம் போடுவது இருவருக்கும் பொது (பிஆரின் முதல் இரண்டு வருடம் மட்டும் குறைவு). ஆனால் பிஆர் தன் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பினால் மொத்தத்தையும் கையில் வாங்கிக்கொண்டு போகலாம். ஐம்பது வயதில் திரும்பிவிடுவது என்று உறுதியாக இருக்கிறவருக்கு இது பெரிய தொகை. அப்படிப்பட்டவரிடம் குடியுரிமை வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

தப்பாகப் பேசுவது நிலத்தைப் பற்றி. "பாஸ்போர்ட்டை விட்டால் ஊரில் வயல் வாங்க முடியாது" என்று தேக்காவில் டீ குடிக்கிற இடத்தில் வாரம் ஒருவராவது சொல்லக் கேட்கிறேன். உண்மையில் வெளிநாட்டில் வசிக்கிற இந்தியக் குடிமகனும் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது, ஓசிஐயும் முடியாது. அந்நியச் செலாவணி விதி இருவரையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அப்பா அம்மா வழியில் வந்த நிலத்தை இருவருமே வைத்துக்கொள்ளலாம். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இருப்பது ஒரு தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் பாதிக்கு மேல் சாய்ந்தது. மறுபடி கன்று வைத்து இப்போதுதான் காய்க்கிறது. அது எந்த அட்டையாலும் கைவிட்டுப் போகப்போவதில்லை என்று தெரிந்ததும் இந்தக் கணக்கில் பாதிப் பயம் போய்விட்டது. உண்மையான வித்தியாசம் திரும்பிப் போய்க் குடியேறும்போதுதான் வரும். அப்போது குடிமகனுக்குத் தடை கிடையாது.

மருத்துவம், பள்ளிக் கட்டணம் எல்லாம் குடிமகனுக்குச் சாதகம், அதில் விவாதமே இல்லை. பயணமும் அப்படித்தான். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டை நீட்டுகிற இடத்தில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு வங்கி அறிக்கை கேட்பார்கள்.

இனி ஓட்டு. எனக்கு இதுதான் முக்கியம், எனவே இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

நீல அட்டை வைத்திருக்கிற என்னைப் போன்றவர்கள் "எனக்கு ஊரில் ஓட்டு இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்வோம். சட்டப்படி சரி. 2010-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, 2011-லிருந்து வெளிநாடுவாழ் இந்தியர் படிவம் 6ஏ மூலம் சொந்தத் தொகுதியில் பெயர் சேர்க்கலாம் என்று ஆக்கினார்கள். வாக்காளர் அடையாள அட்டை தரமாட்டார்கள். அசல் பாஸ்போர்ட்டோடு வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். தபால் ஓட்டு கிடையாது. பதிலி மூலம் போட வழிசெய்கிற மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்கு வராமலே 2019-ல் காலாவதியானது.

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. முதல் நாள் இரவு திருச்சியில் இறங்கி, காலையில் நான் படித்த தொடக்கப்பள்ளியில் வரிசையில் நின்றேன். பட்டியலில் என் பெயர் வழக்கமான இடத்தில் இல்லை. வெளிநாட்டு வாக்காளர்களைப் பாகத்தின் கடைசியில் தனியாகப் போட்டிருப்பார்கள் என்று நான் சொல்லி, அவர்கள் கடைசித் தாளைப் புரட்டியபோது அந்தத் தலைப்பின் கீழ் ஒரே பெயர், என்னுடையது. அலுவலர் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு எண்ணை எழுதிக்கொண்டார். முகவர்கள் மூன்று பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். இரண்டு நிமிட வேலைதான். அதற்கு டிக்கெட்டும் மூன்று நாள் விடுப்பும் செலவு. கட்டுமான வேலை பார்க்கிற என் ஊர்த் தம்பி ஒருவனுக்கு அந்த விடுப்பு கிடைக்காது, டிக்கெட் ஒரு மாதச் சேமிப்பு. சட்டம் எங்கள் இருவருக்கும் ஒரே உரிமையைத்தான் கொடுத்திருக்கிறது. அந்தத் தேர்தலில் நாடு முழுக்க வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவர்கள் 1.19 லட்சம் பேர். வந்து போட்டவர்கள் 3,000-க்கும் குறைவு.

எதிர்வீட்டில் வேலை செய்கிற பிலிப்பீன்ஸ் பெண் இங்கிருந்தே தன் நாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார். 2003-லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். 2025-ல் இணையம் வழியாகவே போட்டார். இதைப் பார்க்கும்போது எனக்கு நம் நாட்டின்மேல் வருத்தம் வருகிறது. கோடிக்கணக்கானவர்கள் அனுப்புகிற பணத்துக்கு வழி போட்ட நாடு, ஓட்டுக்கு வழி போடவில்லை.

2026 சட்டமன்றத் தேர்தலை முன்னிட்டு வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது என் மனைவியின் பெயரும் போனது. அவள் படிவம் 6ஏ போட்டதே இல்லை. கல்யாணம் ஆன புதிதில் சேர்த்த பெயர் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்த அலுவலரிடம் அண்ணன் உள்ளதைச் சொல்லியிருக்கிறார், சிங்கப்பூரில் இருக்கிறாள் என்று. 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் விடுபட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில் அவளும் ஒருத்தி. அவள் விஷயத்தில் இது தவறில்லை. வழக்கமாக வசிக்கிற இடத்தில்தான் ஓட்டு என்பது சட்டம். ஆனால் போன பிறகுதான் அவள் முதல்முறையாக அதைப் பற்றிக் கவலைப்பட்டாள்.

சரி, இங்கே? 2025 மே 3, சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தல். சனிக்கிழமை, பொது விடுமுறை. இங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். போடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், தக்க காரணம் இல்லாமல் திரும்பச் சேர்க்க 50 வெள்ளி கட்ட வேண்டும். காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வரும்போது பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி மின்தூக்கியில் "ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டார். எனக்கு இங்கே ஓட்டில்லை என்றேன். பதினோரு வருடமாகப் பக்கத்து வீடு, நோன்புப் பெருநாளுக்குக் கேத்துப்பாட் கொடுத்து அனுப்புகிறவர். அவர் நம்பவே இல்லை.

அதைவிட நெருக்கமாக உறைத்தது ஒன்று உண்டு. எங்கள் புளோக் 1980-களில் கட்டியது. வீட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்காக, குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 சதவீதம் சரி என்றால் வேலை நடக்கும். என் குளியலறையின் குழாய் ஒழுகுவதைப் பற்றி முடிவுசெய்கிற வாக்கு எனக்கு இல்லை. விருப்ப வேலைகளுக்குக் குடிமக்கள் சிறு பங்கு கட்டினால் போதும், பிஆர் வீட்டுக்கு அந்தச் சலுகையும் இல்லை. இதில் யாரையும் குறை சொல்லவில்லை, விதி தெரிந்துதான் இருக்கிறேன். ஆனால் மகனைச் சேவைக்கு அனுப்பப்போகிற வீட்டுக்கு இந்த ஊரில் ஒரு ஓட்டுகூடக் கிடையாது என்பதை அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன்.

ஊர் அரசியலைப் பற்றி வாய்திறக்கிற உரிமை எந்த அட்டையில் அதிகம் என்பதும் எனக்கு ஒரு கேள்வி. சிங்கப்பூரில் இருக்கிறவரை இரண்டிலும் ஒரு வேலி உண்டு. வெளிநாட்டு அரசியலை இங்கே கொண்டுவந்து கூட்டம் போட விடமாட்டார்கள். 2013-ல் மலேசியத் தேர்தல் முடிவை எதிர்த்து மெர்லயன் பூங்காவில் கூடிய 21 மலேசியர்களைக் கைதுசெய்தது பலருக்கு நினைவிருக்கும். அதனால் நம் பேச்சு டீக்கடை, தொலைபேசி அளவில்தான். இந்தியப் பக்கத்தில் ஓசிஐக்கு அடி பலவீனம். 2021 அறிவிப்பின்படி இதழியல், ஆய்வு போன்றவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். அரசைக் கடுமையாக விமர்சித்த பேராசிரியர்கள் சிலரின் அட்டை ரத்தாகியிருக்கிறது. ஒரு வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம்வரை போய் ரத்து செல்லாது என்றானது. குடிமகனைத் தன் நாட்டுக்குள் வராதே என்று சொல்ல முடியாது, ஓசிஐயைச் சொல்ல முடியும். எழுதுகிறவர்கள், ஆய்வு செய்கிறவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்துகளே இங்கே வந்து மாறியிருக்கின்றன. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் தொடங்கியபோது, இலவசத்தால் நாடு கெடுகிறது என்று நான் தொலைபேசியில் அண்ணனிடம் நீளமாகப் பேசினேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "உங்க அண்ணிக்கும் வருது தம்பி. கேஸ் சிலிண்டருக்கு எங்கிட்ட கேக்கறதில்ல இப்ப" என்றார். அதே நான், குடிமக்கள் குடும்பங்களுக்கு 2025 மே மாதம் 500 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு வந்தபோது, இதைச் சரியான உதவி என்றுதான் நினைத்தேன். அரிசியும் முட்டையும் வாங்கத்தானே அதுவும். அங்கே தப்பு, இங்கே சரி என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இப்போது ஊர் விஷயத்தில் என்னை உறுத்துவது வேறு. எங்கள் ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல, ஊர் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. யார் முதலமைச்சர் என்று மணிக்கணக்கில் வாதாடுகிற நாங்கள் யாரும் இதைப் பேசுவதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பல தமிழ்க் குடும்பங்கள் எடுப்பது அதுதான். மனைவியும் பிள்ளையும் குடியுரிமை வாங்க, கணவன் பிஆராகவே இருப்பது. புது வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், 10,000 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டும். குடும்பத்துக்கு முதல் வீடு என்றால் கூடுதல் முத்திரை வரியிலும் விலக்கு உண்டு. காசுக் கணக்கில் இதுதான் முதலிடம் என்று தயங்காமல் சொல்வேன். நானும் ஆறு மாதம் இந்தப் பக்கம்தான் இருந்தேன். பிறகு வேண்டாம் என்று ஆனதற்குக் காரணம் காசு இல்லை. மகன் 21 வயதில் உறுதிமொழி எடுப்பான். அதை அவனை எடுக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பிப் போகிற டிக்கெட்டைப் பையில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மனைவிக்கு இதில் மாற்றுக் கருத்து. ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கட்டும், அம்மா முடியாமல் கிடந்தால் ஓடிப்போய் வருடக்கணக்கில் இருக்க வேண்டியிருக்கும் என்கிறாள். ஓசிஐயிலும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பாதி சமாதானம் ஆகியிருக்கிறாள்.

ஆகவே மூவருமே விண்ணப்பிக்கிறோம். பிள்ளை இங்கேயே வளர்ந்து, சேவைக்கும் போகப்போகிறான் என்றால் இளஞ்சிவப்பு. பெண்பிள்ளை மட்டும் இருந்து, பத்து வருடத்துக்குள் திரும்புகிற எண்ணம் திடமாக இருந்தால் நீலம். நீலத்தில் இருக்கிறவர்கள் படிவம் 6ஏ-யை இன்றைக்கே நிரப்புங்கள். இணையத்தில் போடலாம், கட்டணம் இல்லை. பழைய பட்டியலில் பெயர் கிடக்கிறது என்று என் மனைவியைப் போல் நம்பி இருக்காதீர்கள்.

ஊருக்கு இன்னும் சொல்லவில்லை. ஜூன் பள்ளி விடுமுறையில் போகும்போது அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும். அண்ணனிடம் மட்டும் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் கடைசித் தாளுல இனிமே பேரு இருக்காதா?" என்று கேட்டார். இருக்காது என்றேன். தோப்புக்குப் போர்வெல் மோட்டார் மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.