சளி பிடித்த குழந்தைக்கு டியூபா, மாஸ்க்கா?

குடலிறக்கம், முன்தோல் நீக்கம், இறங்காத விரை போன்ற சின்ன அறுவைகளுக்கு நீலகிரியில் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் நான், மயக்கத்தில் மூச்சு போகும் வழியைத் திறந்து வைக்க இப்போது மூச்சுக்குழல் டியூபைவிட, தொண்டைக்குள் அமரும் லாரிஞ்சியல் மாஸ்க்கையே எடுக்கிறேன்.

டியூபின் பலம் தெரிந்ததே. குரல் நாண்களைத் தாண்டி மூச்சுக்குழலில் அமர்வதால், வயிற்றிலிருந்து மேலேறுவது நுரையீரலுக்குள் போகாமல் தடுக்கும். சாப்பிட்டுவிட்டு வந்த அவசரக் கேஸ், குடல் அடைப்பு என்றால் டியூப்தான், மறுபேச்சில்லை.

பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் உருவாக்கிய மாஸ்க், நாண்களைத் தொடாமல் குரல்வளை வாசலிலேயே உட்காருகிறது. 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ள குழந்தைக்கு 2-ஆம் எண் மாஸ்க், 30 கிலோ வரை 2.5. மாஸ்க்கின் முதுகுப்புறத்தில் ஜெல் தடவி அண்ணத்தை ஒட்டி வழுக்கிவிட்டு அதன் விளிம்புப் பையில் காற்றேற்றினால், வாய்க்கு வெளியே இருக்கும் தண்டு தானாகச் சற்று மேலெழும். சரியாக அமர்ந்ததற்கு அது ஓர் அடையாளம்.

என் முடிவைத் தீர்மானித்தது சளி. மூக்கொழுகல் நின்றும் சில வாரங்களுக்குக் குழந்தையின் மூச்சுப்பாதை தொட்டாற்சிணுங்கியாகவே இருக்கும். டியூப் உரசினால் நாண்கள் இறுக மூடிக்கொள்ளக்கூடும். மார்பு உள்வாங்கும், மயக்க இயந்திரத்தின் மூச்சுப் பை அசையாது, மூச்சொலி கேட்காது. ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரின் ஒலி மட்டும் படிப்படியாகத் தாழும். எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தை அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கிறது, சேமிப்போ குறைவு. அறுவைக்குப் பிறகும் கவலை உண்டு. டியூப் உரசிய 4 மி.மீ. அகல மூச்சுப்பாதையில் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினாலே முக்கால் பங்கு பரப்பு போய்விடும். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், வார்டில் வெறும் காற்றை இழுக்கும் குழந்தைக்கு அது இன்னும் சிரமம். மாஸ்க் அந்த இடத்துக்கே போவதில்லை. ஆனால் மயக்கம் ஆழமாகும் முன் செருகினால் மாஸ்க்கிலும் நாண்கள் இறுகும், அவசரப்படக் கூடாது.

காய்ச்சல், பச்சைச் சளி, மூச்சிழுப்பு இருந்தால் எதுவானாலும் ஒத்திவைப்பேன். தெளிந்த நீர் மட்டும் ஒழுகினால், மற்றபடி குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால், மாஸ்க்கை நம்பிச் செய்துவிடுகிறேன். தேயிலைத் தோட்டக் கூலியை விட்டுவிட்டு வந்த தாயிடம் இன்னொரு தேதி சொன்னால், மூடுபனிக் காலத்தில் அதற்குள் அடுத்த சளி வந்துவிடுகிறது.

5 கிலோவுக்குக் கீழே எனக்கு அனுபவம் குறைவு. 1-ஆம் எண் மாஸ்க் தலையைத் திருப்பினாலே நகர்ந்துவிடுகிறது. ஒரு வயதுக்குட்பட்டவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு மாஸ்க்குக்கே சாதகமாக முடிந்தது. ஆனாலும் அத்தனை சிறிய குழந்தைக்கு என் கை இன்னும் டியூபையே தேடுகிறது.