“800 சிசிங்க, அப்படித்தான் இருக்கும்”: சேலத்தில் பழைய சின்னக் கார் வாங்கப்போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம், எனக்குப் பழைய ஆல்டோ ஒன்றைப் பொய் சொல்லி விற்ற கார் கன்சல்டிங் (பழைய கார் விற்கும் கடை) வழியாக வந்தேன். வாசலில் வெள்ளை நிறத்தில் இன்னொரு ஆல்டோ நின்றது. முன் கண்ணாடியில் “சிங்கிள் ஓனர், 41,000 கி.மீ., ஷோரூம் கண்டிஷன்” என்று ஒட்டியிருந்தார்கள். ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு நின்று, கதவைத் திறப்பதும் மூடுவதுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கடை மேல் கேஸ் போட்டிருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் போய் வாய்த்தகராறு வேண்டாம் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கடையின் பெயரை எழுத மாட்டேன். அவர்கள் பேசிய விதத்தை மட்டும் எழுதுகிறேன். அதே பேச்சை நீங்கள் எந்தக் கடையில் கேட்டாலும் உஷாராகிவிடலாம்.

எனக்கு வீடு அம்மாபேட்டை. மனைவியின் ஊர் ஏற்காட்டில் நாகலூர். அப்பாவுக்கு 71 வயது, மலை பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது. பைக்கில் இரண்டு பிள்ளைகளோடு மலை ஏறுவதை நினைத்தாலே பயம். ஒரு வருஷம் யோசித்து, கையில் இருந்ததையும் நகைக் கடனையும் சேர்த்து, இந்தத் தை மாதம் 2017 மாடல் ஆல்டோ 800 ஒன்றை 2,35,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

வண்டி மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், 48 குதிரைத்திறன். எடை 700 கிலோவைச் சுற்றித்தான். இவ்வளவு லேசாக இருப்பதால்தான் இந்தச் சின்ன இன்ஜினே அதற்குப் போதுகிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் பெரிய வண்டிக்காரர்கள் கண்ணாடியை மடக்கிக்கொண்டு திணறும் இடத்தில் இது நுழைந்து வந்துவிடும். 4.6 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும் என்பதால் கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்புகிறது. எதிரே பஸ் வந்தாலும் ஒதுங்க இடம் இருக்கும். பார்ட்ஸ் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். கம்பெனி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 24.7. அது சோதனைக்கூடக் கணக்கு. நல்ல நிலையில் இருக்கும் வண்டி எங்கள் ஊர் ரோட்டில் 18, 19 கொடுக்கும்.

குறைகளும் உண்டு, தெரிந்தேதான் வாங்கினேன். டிக்கி 177 லிட்டர்தான். நாகலூரிலிருந்து மாமனார் ஒரு மூட்டை காப்பிக்கொட்டை கொடுத்துவிட்டால் பைகள் மடிக்கு வந்துவிடும். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பைபாஸில் பக்கத்தில் ஆம்னி பஸ் முந்தினால் வண்டி லேசாக ஆடும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பாதுகாப்பு. 2014 ஜனவரியில் வெளியான குளோபல் என்கேப் மோதல் சோதனையில், ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஏபிஎஸ்ஸும் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) டிரைவர் ஏர்பேக்கும் நம் நாட்டில் கட்டாயமானதே 2019-இல்தான். அதற்கு முந்தைய வண்டி வாங்குகிறவர்கள் ஏர்பேக் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். என் வண்டியில் இல்லை. அதனால் நான் 70-க்கு மேல் ஓட்டுவதில்லை.

இந்தக் குறைகள்தான் கடைக்காரருக்குக் குடையாக இருந்தன. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வண்டி பார்க்கப் போனது ஒரு சாயங்காலம். “லேடி டாக்டர் வண்டிங்கண்ணா, வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தான் ஓடுச்சு. 46,000 தான். கிளி மாதிரி இருக்கும்” என்றார். பானட்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. “இப்பத்தான் இன்னொரு பார்ட்டி ஓட்டிப் பார்த்துட்டுப் போனாங்க” என்றார். பாட்டைச் சத்தமாக வைத்து, ஏசியை முழுசாகப் போட்டு, பைபாஸில் சமதளமாக நாலு கிலோமீட்டர் ஓட்டக் கொடுத்தார். அடிவாரம் வரைக்கும் போய் இரண்டு வளைவு ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “இன்சூரன்ஸ் இன்னும் பழைய ஓனர் பேர்ல இருக்குங்கண்ணா, மலையில ஏதாவது ஆனா எனக்குத்தான் வம்பு” என்றார். நியாயமாகப் பட்டது. சமதளத்தில் ஓட்டுவதற்கும் அதே இன்சூரன்ஸ்தானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் தடவை மலை ஏறியது மாசியில். அப்பா முன்னால், மனைவியும் பிள்ளைகளும் பின்னால். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை ஒரு குறையும் இல்லை. நாலாவது வளைவுக்கு மேல் இரண்டாம் கியரில் மிதிக்க மிதிக்க இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. இந்த வண்டியில் இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். ஒன்பதாவது வளைவில் கருகிய வாடை உள்ளே வந்தது. “ஏங்க, ஏதோ எரியுதுங்க” என்று மனைவி சொல்லும்போதே இன்ஜின் சூடாகிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கும் எரிந்தது. ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பிள்ளைகளை இறக்கி உட்காரவைத்தோம். அப்பா ஒன்றும் பேசவில்லை. துண்டை விரித்து முகத்தை மூடிக்கொண்டு பாறையில் சாய்ந்துவிட்டார். அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “என்னங்கண்ணா, 800 சிசிங்க, அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு ஏசியும் போட்டா அப்படித்தான். ஏசியை அணைச்சிட்டு ஏத்துங்க” என்றார். ஏசி போடவே இல்லை என்றேன். “அப்ப லோடு ஜாஸ்தி” என்றார். மைலேஜ் 11-தான் வருகிறது என்று பிறகு ஒரு நாள் கேட்டதற்கு, “டவுன்ல ஓட்டுறீங்க, அப்படித்தான்.” ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறதே என்றதற்கு, “சின்ன டயருங்க, அப்படித்தான்.” மூன்று மாதம் இந்த “அப்படித்தான்” கேட்டே போனது. சின்ன வண்டி வாங்கினால் இதெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும் போல என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தார். மூன்றாம் கியர் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, கிளட்சை மெல்ல விட்டார். நல்ல கிளட்ச் என்றால் அந்த இடத்திலேயே இன்ஜின் திணறி அணைய வேண்டும். என் வண்டியில் கிளட்ச் பெடல் முழுதாக மேலே வந்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். கெட்டி மோர் மாதிரி வெளிர் நிறத்தில் பிசுபிசுவென்று அப்பியிருந்தது. விரலால் வழித்து என் கையில் தடவினார். “ஆயில்ல தண்ணி கலந்திருக்கு தம்பி. இன்ஜின்ல ஆயிலும் தண்ணியும் கலக்காம அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சு. ரேடியேட்டர்ல சூடு தணிக்கிற கூலன்ட்டே இல்ல, வெறும் துருத் தண்ணி. இது வண்டியோட குணம் இல்ல, வண்டிக்கு வந்த நோவு.”

குணம் வேறு, நோவு வேறு. எனக்கு யாரும் முன்னாடி இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை.

மலையில் இந்த வண்டி மெதுவாகத்தான் போகும், அது குணம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்துக்குள்தான் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். 20 கொண்டை ஊசி வளைவில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜினுக்கு ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு பலம் குறையும், காற்று மெலிந்து போவதால். 48 குதிரையில் அதுவும் போனால் இரண்டாம் கியரும் முதல் கியருமாகத்தான் போக முடியும், ஏசியை அணைக்கத்தான் வேண்டும். ஆனால் குணத்தால் மெதுவாகப் போகும் வண்டியில் இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். சத்தம் மட்டும் தனியாக ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. கருகிய வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல கூலிங் இருக்கிற ஆல்டோ மே மாத வெயிலிலும் சிவப்பு விளக்கு எரியாமல் ஏற்காடு ஏறும். தினமும் எத்தனையோ வண்டிகள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

கிலோமீட்டர் விஷயம் அப்புறம்தான் தெரிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் நண்பர் ஒருவர் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தார். நான் வாங்குவதற்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்பே இந்த வண்டி 1,04,000 கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்திருக்கிறது. எனக்கு விற்றபோது மீட்டர் 46,000. டாக்டர் அம்மாவும் கிடையாது, நான் மூன்றாவது ஓனர். ஆர்சியில் ஓனர் வரிசை எண் அச்சிட்டிருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும்போது அதைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது என் தவறு. அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண் போட்டாலே எத்தனையாவது ஓனர், வண்டி மேல் கடன் பதிவாகியிருக்கிறதா, இன்சூரன்ஸ் என்றைக்கு முடிகிறது என்று தெரிந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை.

மீட்டரை மாற்றினாலும் மற்ற இடங்களில் தடயம் நிற்கும் என்று மெக்கானிக் அண்ணன் என் வண்டியிலேயே காட்டினார். பிரேக் பெடல் ரப்பர் புத்தம் புதிது, அதைக் கழற்றினால் உள்ளே இரும்பு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. ஸ்டியரிங் உறை புதிது, உரித்தால் மணிக்கட்டு படும் இடம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். 1421 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 14-ஆவது வாரம் செய்தது. 46,000 ஓடிய வண்டியில் நான்கு டயரும் நான்கு வெவ்வேறு வருஷமாக இருந்தால் கேள்வி கேளுங்கள். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது.

போகிறவர்கள் காலையில் முதல் ஆளாகப் போங்கள். “ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து பண்றேன்” என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்த இன்ஜினில் பாதி நோவு தெரியாது. ஆயில் மூடியையும் கூலன்ட்டையும் இன்ஜின் ஆறியிருக்கும்போதே திறந்து பாருங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். பாட்டை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். மெக்கானிக்கைக் கூட்டிப்போக 500 ரூபாயோ 1,000 ரூபாயோ ஆகும். எனக்குக் கிளட்ச் செட், ஹெட் வேலை, ரேடியேட்டர், கூலி எல்லாம் சேர்த்து 31,400 ஆனது. மலை ஓட்டிப் பார்க்க விடாத கடையில், உங்களுக்கு மலையில் வேலை இருந்தால், வாங்கவே வாங்காதீர்கள். அடிவாரம் சேலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் போய்த் திரும்பலாம்.

பேப்பர் பக்கமும் ஒரு இழுவை நடந்தது. பெயர் மாற்ற 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் அலையவிட்டார்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் இருக்கும் ஓனர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால் அந்தக் கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் பேங்க்கின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கைக்கு வர வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டபோது கடைக்காரர் பேச்சை மாற்றினார்.

சர்வீஸ் விவரத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். “நாங்க வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சுங்கண்ணா, எங்களுக்கு என்ன தெரியும்” என்றார். அங்கேயும் ஒரு அப்படித்தான். ஆனால் வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் அவரே “46 ஜெனியூன் கிலோமீட்டர், கேரண்டி” என்று அனுப்பியது என்னிடம் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டின் போட்டோவும் இருக்கிறது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் நான் வெறும் வாய்ப்பேச்சோடு நின்றிருப்பேன். நீங்களும் போனில் பேசினதை மெசேஜில் ஒரு தடவை எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதலில் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். கடைக்காரர் பதில் கொடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸுக்கும் பதில் இல்லை. அதன் பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். இது தெரியாமலேயே பல பேர் “போனது போகட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். என்னிடமே மூன்று பேர் அதே கடையைப் பற்றிச் சொன்னார்கள், ஒருவரும் மனு போடவில்லை.

கிளட்ச் மாற்றியபின் வண்டி 18 கொடுக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு நாகலூர் போனோம். இரண்டாம் கியரில், ஏசி இல்லாமல், மெதுவாக. ஒன்பதாவது வளைவு வந்ததும் அப்பா அந்தப் பாறையைக் கையால் காட்டினார், நிறுத்தச் சொல்லவில்லை. மனு எண் வந்துவிட்டது, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. விசாரணைத் தேதி தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அந்த வெள்ளை ஆல்டோவைப் பார்த்த தம்பதி இதைப் படித்தால், பணம் கொடுக்கும் முன் அந்த ஆயில் மூடியை மட்டுமாவது திறந்து பார்த்துவிடுங்கள்.