அபஸ்வரத்துக்கு எத்தனை ஸ்டார்?

பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இறுதிச் சுற்றைத்தான் அலசுவார்கள். யார் ஜெயித்தார், யாருக்கு அநியாயம் நடந்தது, எந்த நடுவர் ஓரவஞ்சனை செய்தார் என்று. எனக்கு அதில் அக்கறையே இல்லை. ஆடிஷன் ஓடுகிற முதல் சில வாரங்கள்தான் என் சீசன். நன்றாகப் பாடுகிறவர்கள் மட்டும் மிஞ்சியதும் கழன்றுகொள்வேன். ஆகவே இந்த மதிப்புரையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் மதிப்பெண்: சுருதியே சேராமல் பாடுகிறவர்களை எந்த நிகழ்ச்சி எப்படி நடத்துகிறது?

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் சில வருஷம் பாட்டு கற்றுக்கொண்டேன். குரல் போய்விட்டது, காது தங்கிவிட்டது. யாராவது ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றால்கூட என் தோள்பட்டை தானாக மேலே ஏறும். என் தங்கச்சிக்குப் பாட்டு சுத்தமாகத் தெரியாது. ஆனால் யாரோ சொதப்பப்போகிறார் என்பது அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்துவிடும். அந்த ஆள் வாயைத் திறக்குமுன்பே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அங்கிருந்து, "அக்கா, முடிஞ்சுதா?" என்று குரல் வரும். இது அவளுடைய நடிப்பு இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் அசிங்கப்படுவதைப் பார்க்கும்போது நம் மூளையில் என்ன நடக்கிறது என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். அடுத்தவர் வலியைப் பார்க்கும்போது விழித்துக்கொள்கிற பகுதிகளே இதற்கும் விழித்துக்கொள்கின்றனவாம். அவளுக்கு நிஜமாகவே வலிக்கிறது. எனக்கும்தான் வலிக்கிறது, நான் உட்கார்ந்து பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, முதலில் பெரிய கடை. பிரிட்டனில் 2001-ல் பாப் ஐடல், அடுத்த வருஷமே அமெரிக்காவில் அமெரிக்கன் ஐடல். சைமன் கவல், பாலா அப்துல், ராண்டி ஜாக்சன் என்று மூன்று நடுவர்கள். ராண்டி காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார். பாலா ஏதாவது ஒரு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தேடுவார். சைமன் தேடவே மாட்டார்.

மோசமான ஆடிஷனுக்கென்று அவர்கள் ஒரு அச்சு வைத்திருந்தார்கள். முதலில் வெளியே ஒரு பேட்டி: "அடுத்த ஐடல் நான்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்." பிறகு கதவு. உள்ளே ஒரு கணம் அமைதி. பாட்டு. ஒவ்வொரு அபஸ்வரத்துக்கும் ஒரு நடுவர் முகம். திரும்பிப் போகும்போது இரட்டைக் கதவில் திறக்காத பக்கத்தைப் போய்த் தள்ளுவார்கள். சைமன் அலுப்போடு மற்றக் கதவைக் காட்டுவார். கடைசியாக வெளியே கண்ணீர், அல்லது பீப் ஒலி போட்டு மறைத்த வசவு. அந்தக் கதவு விஷயம் மட்டும் எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. பாட்டில் தோற்றவரைக் கதவும் தோற்கடிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது, என்ன செய்ய.

ஆனால் இந்தச் சரக்கில் ஒரு கலப்படம் உண்டு. ஸ்டேடியத்தின் வாசலில் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நிற்பதைக் காட்டுவார்கள் இல்லையா, அத்தனை பேரையுமா மூன்று நடுவர்கள் உட்கார்ந்து கேட்க முடியும்? தயாரிப்புக் குழு முன்கூட்டியே கேட்டு, வடிகட்டித்தான் நடுவர்களிடம் அனுப்பும். சுமாராகப் பாடுகிறவர்கள் அந்த வடிகட்டலிலேயே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மேலே போவது நன்றாகப் பாடுகிறவர்களும், படுமோசமாகப் பாடுகிறவர்களும். அப்படியென்றால் சைமன் முன்னால் நின்று கத்துகிறவர் ஏற்கெனவே 'தேறியவர்'. யாரோ அவரிடம் புன்னகையோடு, அடுத்த சுற்றுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு மோசமாகப் பாடிவிட்டு எப்படி இந்த ஆளுக்கு இவ்வளவு நம்பிக்கை என்று நாம் சிரிக்கிறோமே, அந்த நம்பிக்கையில் பாதி நிகழ்ச்சி கொடுத்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் அளவுகோலே மாறிவிட்டது. பாடுகிறவர் எவ்வளவு மோசம் என்று பார்ப்பதில்லை. நிகழ்ச்சி அவரிடம் பொய் சொல்லியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

மீதிப் பாதி நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 1999-ல் டன்னிங், க்ரூகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அது பாட்டைப் பற்றியது இல்லை. நகைச்சுவை, தர்க்கம், இலக்கணம் ஆகியவற்றில் தேர்வு வைத்தார்கள். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்களின் சராசரி இடம், நூறு பேர் வரிசையில் கீழிருந்து எண்ணினால் 12. அவர்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொண்ட இடம் 62. பாட்டுக்கு இது அப்படியே பொருந்துமோ என்னவோ, ஆடிஷன் வாசலில் நிற்கிற முகங்களைப் பார்த்தால் எனக்கு அந்த 62 ஞாபகம் வரும்.

ஆனால் பலர் நினைப்பதுபோல இவர்கள் எல்லாரும் 'காது இல்லாதவர்கள்' கிடையாது. ஸ்வர வித்தியாசமே பிடிபடாத பிறவிக் குறை ரொம்ப அரிது; முன்பு நூற்றில் நான்கு பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2017-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்றரை சதவீதம்தான் என்றது. சுருதி தப்பிப் பாடுகிறவர்களில் நிறையப் பேருக்குக் காது சரியாகத்தான் இருக்கிறது, கேட்டதைத் தொண்டைக்கு மாற்றுகிற இடத்தில்தான் பிசகுகிறது என்று 2007-லேயே ஒரு ஆய்வு வந்தது. கூடவே, நம் குரல் நமக்குக் கேட்பது பாதி எலும்பு வழியாக. பதிவு செய்து கேட்டால் ஒல்லியாக, வேறு யாரோபோல இருக்கும்.

இதையெல்லாம்விட ஒரு எளிய காரணம் உண்டு. கற்றுக்கொண்டவர்களுக்கு உடனே தெரியும். ஆரம்பகால ஐடல் ஆடிஷனில் பக்கவாத்தியம் கிடையாது. பிடித்துக்கொள்ளச் சுருதி இல்லை. பதற்றத்தில் எல்லாருமே வழக்கத்தைவிட மேலே எடுத்துவிடுவார்கள். ஒரு கட்டை ஏற்றி ஆரம்பித்தால் முதல் இரண்டு வரி பிரமாதமாகக்கூட இருக்கும். பாட்டு மேலே ஏறுகிற இடம் வரும்போது தொண்டை எட்டாது. அங்கே மூன்று வழிதான்: கத்துவது, கள்ளக்குரலுக்கு, அதாவது மெலிந்த பொய்க்குரலுக்கு, தாவுவது, அல்லது யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில் சத்தமில்லாமல் சுருதியையே இறக்கிக்கொள்வது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பாட்டின் முதல் வரியும் கடைசி வரியும் வேறு வேறு ஊரில் இருக்கும். பாடுகிறவர் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். மோசமான ஆடிஷன் என்று ஒளிபரப்பானதில் கொஞ்சமாவது இந்த 'உயரத்தில் எடுத்த' கேஸ்தான் என்பது என் கணிப்பு. ஒரு தம்பூராவோ கீபோர்டில் ஒரு கட்டையோ வைத்திருந்தால் பாதிச் சிரிப்பு போயிருக்கும். அதனால்தான் வைக்கவில்லையோ என்னவோ.

ஐடல் தந்த ஒரே முழு விருந்து, வில்லியம் ஹங். 2004 ஜனவரியில் ஒளிபரப்பானது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மாணவர். ரிக்கி மார்ட்டினின் 'ஷீ பேங்ஸ்' பாட்டை ஆட்டத்தோடு பாடினார். சுருதி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். சைமன் நிறுத்தி, பாடவும் வரவில்லை, ஆடவும் வரவில்லை, நான் என்ன சொல்வது என்று கேட்டார். ஹங் முகம் சுளிக்கவில்லை. என்னால் முடிந்ததைக் கொடுத்துவிட்டேன், எனக்கு வருத்தமே இல்லை என்றார். பாட்டுக்கென்று முறையான பயிற்சி எதுவும் எடுத்ததில்லை என்பதையும் ஒரு தகவலாகச் சேர்த்தார். "நூற்றாண்டின் அதிசயம்" என்ற ரீதியில் சைமன் நக்கலடித்தார். அதுவும் ஹங் மேல் ஒட்டவில்லை. அதே வருஷம் ஏப்ரலில் அவர் பாடிய ஆல்பமே வெளிவந்தது.

இந்த ஒரு ஆடிஷனுக்கு மட்டும் என் தங்கச்சி எழுந்து போகவில்லை. ஏனென்று கேட்டேன். "அவன்தான் அசிங்கப்படலையே, நான் எதுக்குப் படணும்?" என்றாள். நான் பத்தி பத்தியாக எழுதுவதை இவள் ஒரு வரியில் முடித்துவிடுகிறாள், எரிச்சலாக இருக்கிறது. நிகழ்ச்சி ஹங்கிடம் சொல்லி அனுப்பிய பொய் அவருக்குத் தேவைப்படவே இல்லை. ஆரம்பகால ஐடலுக்கு ஐந்தில் மூன்று ஸ்டார் தருகிறேன் என்றால் அதில் ஒன்று முழுக்க ஹங்குடையது. 2018-ல் சேனல் மாறித் திரும்பி வந்த ஐடலில் கேலி வெகுவாகக் குறைந்துவிட்டது. மரியாதையான நிகழ்ச்சி. என் துறைக்கு வெளியே.

அடுத்தது என் முதல் ரேங்க்: அமெரிக்காவின் 'தி காங் ஷோ'. 1976-ல் ஆரம்பித்தது. தொகுப்பாளர் சக் பாரிஸ் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டே, தனக்கே எதுவும் புரியவில்லை என்பதுபோல வருவார். மூன்று நடுவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய காங், அதாவது அடித்தால் அதிரும் வட்டமான உலோகத் தட்டு. பொறுக்க முடியாதபோது ஒருவர் எழுந்து அதை ஓங்கி அடிப்பார், ஆட்டம் முடிந்தது. தப்பியவர்களுக்கு ஆளுக்குப் பத்து என்று மொத்தம் முப்பதுக்கு மதிப்பெண். பகல் ஒளிபரப்பில் ஜெயித்தவருக்குப் பரிசு 516 டாலர் 32 சென்ட். அந்த 32 சென்டில்தான் மொத்த நிகழ்ச்சியின் நேர்மையும் இருக்கிறது. உன் வாழ்க்கை மாறப்போகிறது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு ஜோக் சொல்கிற ஒரு ஆள் அடிக்கடி வருவார். அவருக்குப் பக்கத்தில் நிற்கும்போது யார் தோற்றாலும் அது ஒரு தோல்வியாகவே தெரியாது. காங் விழுந்ததும் பெரும்பாலும் தோற்றவரும் சேர்ந்து சிரிப்பார். பழைய ஒளிபரப்பு, படம் மங்கல், சில நகைச்சுவை இன்றைக்குச் சகிக்காது. இருந்தாலும் நாலரை ஸ்டார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'தி வாய்ஸ்' 2010-ல் நெதர்லாந்தில் ஆரம்பித்தது. நடுவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து குரலை மட்டும் கேட்பார்கள். அங்கே மோசமான பாடகரே மேடைக்கு வருவதில்லை. யாரும் திரும்பாவிட்டாலும் கடைசியில் நாற்காலிகள் திரும்பி, அடுத்த வருஷம் வாங்க என்று அன்போடு வழியனுப்பும். நல்ல மனிதர்கள் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி. எனக்கு ஒரு ஸ்டார்.

'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' வேறு மாதிரி வில்லங்கம். அங்கே நடுவர்கள் பஸ்ஸரை அமுக்கினால் பெரிய சிவப்பு எக்ஸ் எரியும். எல்லாரும் அமுக்கிவிட்டால் இறங்க வேண்டியதுதான். முன்னால் ஒரு அரங்கமே உட்கார்ந்திருக்கும். 2009 ஏப்ரலில் சூசன் பாயில் வந்தார். வயது 47. அவர் பேசும்போதே கேமரா அரங்கத்துக்குள் போய், கேலியாகக் கண்ணை உருட்டும் முகங்களைப் பொறுக்கி எடுத்தது. மோசமான ஆடிஷனின் அதே அச்சு, அதே இடைவெளிகள். பிறகு அவர் வாயைத் திறந்தார், அரங்கம் எழுந்தது. உலகமே அழுதது, என் தங்கச்சி அன்றைக்கு அடுத்த அறையில் இருந்து ஓடி வந்தாள். நானும் உருகினேன், ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. ஆடிஷனுக்கு முன்பே கேட்டு வடிகட்டுகிற குழுவுக்கு அந்தக் குரல் தெரியாமலா இருந்திருக்கும்? இந்த முறை பொய் அவரிடம் சொல்லவில்லை, நம்மிடம் சொன்னார்கள். இரண்டரை ஸ்டார்.

கடைசியாக, நான் அதிகமாகப் பார்ப்பதும் குறைவாக மதிப்பதும்: யூடியூபில் வரும் 'படுமோசமான பத்து ஆடிஷன்கள்' வகைத் தொகுப்புகள். துணி இஸ்திரி போடும்போது ஓடவிட ஏற்றவை, அது உண்மை. ஆனால் வெட்டுகிற விதம் கொடுமை. ஆள் யார், என்ன படிக்கிறார், பாடி முடித்ததும் என்ன சொன்னார் என்ற எதுவும் இருக்காது. உச்சஸ்தாயியில் உடைகிற அந்த நான்கு விநாடி, மேலே ஒரு சிரிப்பொலி, கீழே கமென்ட்டில் கூட்டம். ஹங்கையே இப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை என்று அவர் சொல்கிற இடத்தைக் காணோம்! காங் ஷோவில் அடித்த காங்காவது ஒரே தடவை அடித்தது. இங்கே அதே ஆளுக்கு இருபது வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அரை ஸ்டார், அதுவும் இஸ்திரிக்காக. குழந்தைகளை வைத்துச் செய்த தொகுப்பு வந்தால் அப்படியே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன். அதற்கு மதிப்பெண் போடுகிற உத்தேசம் இல்லை.