பழைய ரம்ப மெஷின் வாங்கப் போகிறீர்களா? மோட்டாரின் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்

கோத்தகிரிப் பக்கம் அரவேணுவில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஓய்வு நேரத்தில் சில்வர் ஓக் பலகையில் ஸ்டூல், அலமாரி என்று எதையாவது செய்துகொண்டிருப்பேன். கை ரம்பத்தோடு மல்லுக்கட்டியது போதும் என்று கோயம்புத்தூரில் ஒரு பழைய மெஷின் யார்டுக்குப் போனேன். பெயர் வேண்டாம், வம்பு எதற்கு. வார்ப்பிரும்பு மேடை வைத்த சர்குலர் சா, பளபளவென்று பச்சைப் பெயிண்ட், 38,000 ரூபாய். நேம் பிளேட்டில் 5 எச்.பி., 415 வோல்ட், த்ரீ பேஸ், 1440 ஆர்.பி.எம்.

“எங்க வீட்ல சிங்கிள் பேஸ்தானுங்க” என்றேன்.

“அதுக்கென்னங்ண்ணா, கன்வெர்ட்டர் ஒண்ணு தர்றேன். மாட்டுனீங்கன்னா பறக்கும்.”

அந்த ‘கன்வெர்ட்டருக்கு’ தனியாக 3,500. சுவிட்சைப் போட்டுக் காட்டினார், பூப்போல ஓடியது. ஓடியது அவருடைய த்ரீ பேஸ் லைனில், அதுவும் மரமே வைக்காமல் வெறுமனே. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

குட்டி யானையில் ஏற்றி மேட்டுப்பாளையம் வழியாக மலைக்குக் கொண்டுவந்து, நான்கு பேர் சேர்ந்து இறக்கினோம். முதல் நாள் சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமியது, ஆனால் நகரவில்லை. பெல்ட்டைக் கையால் தள்ளிவிட்டதும் சுற்ற ஆரம்பித்தது, தலைகீழாக. நம் பக்கம் இருக்கும் பல் கீழ்நோக்கி இறங்க வேண்டும். இது மேலே ஏறி வருகிறது. பிளேடை இறுக்கும் நட்டு, சரியான பக்கம் சுற்றினால்தான் இறுகி நிற்கும். தலைகீழாக ஓடினால் கழன்றுகொள்ளலாம். நல்லவேளை, மரம் எதுவும் வைக்கவில்லை. வயரை மாற்றிப் போட்டுத் திசையைச் சரிசெய்துவிட்டு ஒன்றரை அங்குலப் பலகையைக் கொடுத்தேன். நாலு விரல்கடை போனதும் நின்றுவிட்டது. இப்படியே இரண்டு நாள் திணறி, மூன்றாம் நாள் மோட்டார் கம்பியின் வார்னிஷ் கருகும் நாற்றம், அப்புறம் புகை.

மோட்டாரை மட்டும் கழற்றி மேட்டுப்பாளையத்தில் ரீவைண்டிங் செய்கிற, அதாவது கருகிய மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுகிற, ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் எடுத்தது ஸ்க்ரூ டிரைவரை அல்ல, டேப்பை. மோட்டார் காலின் அடியிலிருந்து ஷாப்ட்டின் நடுவரை அளந்தார்: 100 மில்லிமீட்டர். “அஞ்சு எச்.பி.ன்னா 112 இருக்கணும் தம்பி. இது மூணு எச்.பி. பாடி.” நேம் பிளேட்டைப் பார்த்தால் ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்க்ரூ, அதன் மேலேயும் பச்சைப் பெயிண்ட். வேறு மோட்டாரின் பிளேட்டைக் கொண்டுவந்து ஒட்டவைத்திருக்கிறார்கள். பிறகு உள்ளே இருந்து ஒரு கம்பியை இழுத்து பிளேடால் சுரண்டினார். செம்பு நிறம் வரவில்லை, வெள்ளையாக மின்னியது. அலுமினியம்.

‘கன்வெர்ட்டரை’ திறந்தால் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் இரண்டு கெப்பாசிட்டர், வேறொன்றும் இல்லை. 415 வோல்ட்டுக்குச் சுற்றிய மோட்டாருக்கு 230 வோல்ட் கொடுத்தால் முறுக்குவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், அதாவது மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. கெப்பாசிட்டரை வைத்து மூன்றாவது பேஸை ஒப்பேற்றினால் அதிலும் குறையும். அப்புறம் எங்கே மரம் அறுக்கிறது?

யார்டுக்காரருக்குப் போன் செய்தேன். “ஓட்டிப் பாத்துத்தானே எடுத்துட்டுப் போனீங்க” என்றார். பில் என்று அவர் கொடுத்தது வெள்ளைத்தாளில் எழுதிய எஸ்டிமேட், அதில் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பிறகு போனையே எடுப்பதில்லை.

நான் செய்திருக்க வேண்டியது ஐந்து நிமிட வேலை. மோட்டாரின் மேல் இருக்கும் டெர்மினல் டப்பாவைத் திறந்து உள்ளே எத்தனை முனை என்று எண்ணியிருக்க வேண்டும். இதில் மூன்றே வயர்தான் வெளியே வந்திருந்தது. ஆறு முனை இருந்து, நேம் பிளேட்டில் 240/415 என்று இரண்டு வோல்ட்டேஜும் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் மூன்று சுற்றுகளையும் இணைக்கும் முறையை ஸ்டாரிலிருந்து (415க்கு) டெல்டாவுக்கு (240க்கு) மாற்றி, சிங்கிள் பேஸை வாங்கி த்ரீ பேஸ் கொடுக்கும் டிரைவ் ஒன்றில் ஓட்டலாம். நம் நாட்டு மோட்டார்களில் 3 எச்.பி. வரைக்கும் பெரும்பாலும் 415க்கு ஸ்டாரில்தான் இருக்கும், அதனால் இது நடக்கும். நிஜமான 5 எச்.பி. பொதுவாக 415க்கே டெல்டாவில் இருக்கும், இந்த வித்தை அதனிடம் பலிக்காது. ஆக, அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருந்தாலும் என் வீட்டில் ஓடியிருக்காது! த்ரீ பேஸ் இணைப்புக்கு மின்வாரியத்தில் மனுப் போடலாம்தான். வாரத்துக்கு நாலு மணி நேரம் அறுக்கிற எனக்கு அது அதிகம்.

மேடையும் ஷாப்ட்டும் தேறியது. பேரிங் இரண்டையும் மாற்றினேன். ஆட்டம் தெரியாமலிருக்க கிரீஸை அப்பியிருந்தார்கள். புது 3 எச்.பி. மோட்டார், டிரைவ் எல்லாம் சேர்த்து இன்னும் 31,000 ஆனது. இப்போது சில்வர் ஓக்கை வெண்ணெய்போல அறுக்கிறது. பழைய மோட்டாரைக் காயலான் கடையில் போட்டேன். எடை போடுவதற்கு முன்னால் கடைக்காரரும் கம்பியைச் சுரண்டித்தான் பார்த்தார்.