தோல் பிரமாதம், ரிவிட்தான் சொதப்பல்: தொங்குவார் ஒன்றைப் பற்றி

சவரக் கத்தி தீட்டுகிற தோல் வார் என்றாலே எல்லோரும் தோலைப் பற்றித்தான் பேசுகிறார்கள், மாட்டுத்தோலா, எருமையா, குதிரையா என்று. நான் ஆன்லைனில் வாங்கிய, கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தீட்டுகிற இந்தத் தொங்குவாரில் தோலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று அங்குல அகலம், மரப்பட்டையில் பதனிட்டது, கத்தி வழுக்கிப் போகாமல் லேசான பிடிப்போடு நகர்கிறது. பின்னால் கெட்டியான கான்வாஸும் உண்டு. பிரச்சினை எல்லாம் இவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிற உலோகச் சாமான்களில்தான்.

மேல்முனையில் டி வளையம், சுழலும் கொக்கி, இரண்டு சிகாகோ ஸ்க்ரூ, அதாவது உள்ளே மரையுள்ள ஒரு குழாயும் அதில் முறுக்குகிற திருகுமாக இரண்டு துண்டாக வருவது. சரி, கழற்றலாம். கீழ்முனையிலோ தோலையும் கான்வாஸையும் ஒன்றாக வைத்து ரிவிட் அடித்துவிட்டார்கள், அதுவும் கான்வாஸ் சற்றே குட்டை, அதனால் கைப்பிடியை இழுத்தால் இழுவை முழுக்கக் கான்வாஸுக்குப் போய் தோல் மட்டும் தொய்ந்து நிற்கிறது. தொய்வான தோலில் கத்தியை ஓட்டினால் தோல் விளிம்பைச் சுற்றி மேலேறி கத்தியின் கூர்மையை உருட்டிவிடும், தீட்டத் தீட்ட மழுங்கும். போதாததற்கு ரிவிட்டின் குமிழ்த்தலை தீட்டும் பக்கத்திலேயே துருத்திக்கொண்டிருக்கிறது, கத்தி ஒரு தடவை அதில் இடித்தால் மறுபடி சாணைக்கல்லுக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே ரிவிட்டை எடுத்தே ஆக வேண்டும். கீழே ஒரு பலகையை வைத்து, தலையின் நடுவில் ஆணியால் சிறு குழி தட்டி, ட்ரில்லால் தலையை மட்டும் அரைத்தால் போதும், மீதியைப் பின்பக்கமாகத் தட்டித் தள்ளிவிடலாம். தோலுக்குள் ட்ரில் இறங்கக் கூடாது, சூட்டில் துளையின் ஓரம் கருகும். அதே துளையில் சிகாகோ ஸ்க்ரூ போட்டேன், ஆனால் தோலுக்குத் தனியாக, கான்வாஸுக்குத் தனியாக, ஆளுக்கொரு வளையம். இப்போது எது வேண்டுமோ அதை மட்டும் இழுத்துப் பிடிக்கலாம், தோலும் விறைப்பாக நிற்கிறது.

ஸ்க்ரூ வாங்கும்போது நீளம்தான் முக்கியம். குழாய்ப் பகுதி தோலின் மொத்தத் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் இறுக்கும்போது தோல் நசுங்கிப் பிடிக்கும். நீளம் கூடிவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் ஆடும். தட்டைத்தலை தீட்டும் பக்கம், பள்ளமுள்ள தலை பின்பக்கம். இறுக்கும்போது குழாயும் கூடவே சுற்றினால் அந்தப் பக்கத்தை ஒரு ரப்பர் துண்டால் அழுத்திப் பிடியுங்கள்.

இந்த ஸ்க்ரூக்களுக்கு ஒரு கெட்ட குணம், வார் ஆட ஆடத் தானாகத் தளரும். மரையில் குண்டூசி முனையால் திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் 243 ஒரு பொட்டு வைத்தால் போதும், நகப்பூச்சுகூட வேலை செய்யும். சிவப்பு 271 மட்டும் வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், தோல் தாங்காது.

அப்புறம் கறை. இரும்பு ஸ்க்ரூ என்றால் பட்டையில் பதனிட்ட தோலில் ஈரம் பட்டதும் சுற்றிலும் கறுப்பு ஏறும், பித்தளை என்றால் தோலிலுள்ள கொழுப்போடு சேர்ந்து பச்சைப் பசை கட்டும். குளியலறையில் மாட்டுகிறவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே வாங்குங்கள்.

சுழலும் கொக்கியையும் எடுத்துவிட்டு வளையத்தை நேராகச் சுவர்க் கொக்கியில் மாட்டினேன், கத்தியைத் திருப்பும்போது வார் முறுக்கிக்கொள்வது குறைந்தது. சிலருக்கு அந்தக் கொக்கி பிடிக்கும், எனக்கு அது வெறும் டடக் டடக் சத்தம்.

ட்ரில் கையில் இருந்தால் இந்த விலைக்கு இந்தத் தோல் லாபம்தான், தாராளமாக வாங்கலாம். இல்லாதவர்கள் விற்பனைப் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு முனையிலும் ஸ்க்ரூ தலையில் பள்ளம் தெரிகிறதா, தோலும் கான்வாஸும் கீழே தனித்தனியாகத் தொங்குகின்றனவா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.