மாடிக் குளியலறை ஒழுகுது, குடியிருப்பவர் கதவைத் திறக்கலை: எந்த வழி தேறும்?

போன ஐப்பசியில் எங்கள் அடுக்களை மேற்கூரையில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தது. தோசைக்கல் அளவுதான். அடைமழைக் காலம், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மழை நின்று நாலு நாள் ஆகியும் காயவில்லை. கார்த்திகைக்குள் அண்டா மூடி அளவுக்குப் பரவி, வெள்ளையடித்த பூச்சு உப்பி, ஒருநாள் காலையில் காரை பெயர்ந்து குழம்புச் சட்டிக்கு அரை அடி தள்ளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி தெரிகிறது.

மதுரை வில்லாபுரத்தில் சின்ன வீடு எங்களுடையது. கீழே நாங்கள், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அடுக்களைக்கு நேர் மேலேதான் மாடிக் குளியலறை. பிளம்பரைக் கூட்டிக்கொண்டு ஏறினால் கதவை ஒரு சாண் திறந்து, "இன்னைக்கு வீட்ல ஆள் இல்லண்ணே, ஞாயித்துக்கிழமை பார்த்துக்கிடுவோம்" என்றார் மாடியில் குடியிருக்கும் தம்பி. ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டு தொங்குகிறது. இப்படியே மூன்று ஞாயிறு போயிற்று.

அந்த மூன்று வாரமும் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். அட்வான்ஸில் கழி என்றார் மச்சினன். நாலு பேரை வைத்துப் பேசு என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. வக்கீல் நோட்டீஸ் விடு என்றான் கூட வேலை பார்ப்பவன். மேலே போகிற தண்ணீர் வால்வை மூடு, தன்னால் இறங்கி வருவான் என்றார்கள் பாதிப்பேர். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

வால்வை மூடுவதை முதலில் தள்ளிவிடுவோம். கை துறுதுறுக்கத்தான் செய்யும், எனக்கும் துறுதுறுத்தது. ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அதாவது 2017-ஆம் ஆண்டுச் சட்டம், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கும் உரிமை குடியிருப்பவருக்கு வந்துவிடும். அதுவரை தப்பு அவர் பக்கம் இருந்தது. வால்வைத் திருகிய நிமிஷம் நம் பக்கம் வந்துவிடும். அவர் இல்லாத நேரத்தில் மாற்றுச் சாவி போட்டு உள்ளே போவதும் இதே ரகம்தான். காணாமல் போன தோடு, மூக்குத்தி எல்லாம் அப்புறம் நம் தலையில் விழும்.

அடுத்தது அட்வான்ஸ். கையில் இருக்கிற பணம் என்பதால் இதுதான் சுலபம் என்று எல்லோருக்கும் தோன்றும். எங்களுக்கு வாடகை 9,000, அட்வான்ஸ் 50,000. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஊரில் நடப்பது வேறு என்பதும் தெரிந்ததே. குடியிருப்பவர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை அவர் செய்ய மறுத்தால், நாமே செய்து செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அது வரைக்கும் சரி.

எது யார் செலவு என்பதில்தான் சண்டை. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைப் பிரித்தே கொடுத்திருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின் பழுது, சுவிட்ச், பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவருக்கு. கட்டடப் பழுதே ஆனாலும் அது குடியிருப்பவரால் வந்த சேதம் என்றால் நம் தலையில் இல்லை. வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிறோமே, ஒப்பந்தத்தில் எழுதாமல் அப்படிப் பிடிப்பதற்கு இந்த அட்டவணையில் இடமில்லை. நானும் முன்பு பிடித்தவன்தான், சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

அட்வான்ஸை நம்புவதில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. மனஸ்தாபம் வந்துவிட்டால் குடியிருப்பவர் வாடகையை நிறுத்திவிட்டு, "அட்வான்ஸ்ல கழிச்சுக்கிடுங்கண்ணே" என்பார். ஐந்து மாதத்தில் 45,000 போய்விடும். கழிக்க நினைத்த பழுதுக் கணக்குக்கு மிஞ்சுவது 5,000. அதனால் பழுதுத் தொகையை வீடு காலியாகும் நாளுக்கு என்று ஒதுக்கி வைக்கக் கூடாது. வேலை முடிந்த அன்றே பில், படம், தொகை மூன்றையும் வாட்ஸாப்பில் அனுப்பி, அட்வான்ஸில் இவ்வளவு குறைகிறது என்று எழுத வேண்டும். வாயால் சொன்னது நிற்காது.

நாலு பேரை வைத்துப் பேசுவது நம் ஊருக்குப் பழகிய வழி. எங்கள் நாலு பேர், வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர் ஒருவர்தான். காசு செலவில்லை, ஒரு டீயில் ஆரம்பிக்கலாம். ஆனால் பணக் கணக்குக்கு இந்த வழி உதவாது என்பது என் அபிப்பிராயம். பேச உட்கார்ந்தாலே ஆளுக்குப் பாதி என்றுதான் முடியும். யார் உடைத்தது என்ற கேள்வியையே மறந்துவிடுவார்கள். கதவைத் திறக்க வைப்பதற்கு மட்டும் பேச்சைப் பயன்படுத்தலாம், அந்த வேலைக்கு இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

பேச்சு தோற்றால் எழுத்து. பழுது பார்க்கவோ பார்வையிடவோ வருகிறோம் என்று 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் உள்ளே வரலாம் என்கிறது புதிய சட்டம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவிலும் குடியிருப்பவருக்கு இந்தக் கடமை உண்டு: நியாயமான நேரத்தில் பார்வையிட விட வேண்டும், தன்னால் வந்த பழுது என்றால் அறிவிப்பு கிடைத்த மூன்று மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். வக்கீல் தேவையில்லை, ஒரு வெள்ளைத்தாள் போதும். தேதி, நேரம், என்ன வேலை, யார் யார் வருகிறார்கள் என்று நாலு வரி. தபாலில் ஒன்று, வாட்ஸாப்பில் அதன் படம் ஒன்று. அதற்குப் பிறகும் பூட்டியே இருந்தால் பூட்டை உடைக்காமல், பூட்டிய கதவைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஒருதரம் போய்ப் பார்த்தேன். "இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்குங்க" என்றார்கள். ஒழுகலுக்கு அங்கே மருந்தில்லை.

வழக்கு என்றால் வாடகை நீதிமன்றம். வீட்டுக்குச் சேதம் விளைவிக்கும்படி பயன்படுத்தி, அறிவிப்பு கொடுத்தும் நிறுத்தாமல் இருப்பது, காலி செய்யாமல் முடியாத பழுது வேலை, இவையெல்லாம் வெளியேற்றம் கேட்கக் காரணங்கள். கேட்கப் போகுமுன் நம் கையைப் பார்க்க வேண்டும். 11 மாதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கவில்லை என்றால் அங்கேயே முதல் இடறல். என்னுடையது அப்படித்தான் இருந்தது. இன்னொன்று, 10,000 ரூபாய்ப் பழுதுக்கு வழக்கு என்பது கொசுவுக்கு வேட்டுப் போடுகிற கதை. ஆள் வெளியேற வேண்டும் என்பதுதான் குறி என்றால் இது சரியான வழி. கூரை ஒழுகலை நிறுத்துவதுதான் குறி என்றால் வாய்தா வாங்குவதற்குள் இன்னும் இரண்டு கம்பி தெரியும்.

பேச்சுக்கும் வழக்குக்கும் நடுவில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியவில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குப் போடாமலேயே மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். கட்டணம் இல்லை. உடன்பாடு வந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும் என்பது இதன் பலவீனம். ஆனாலும் புரோக்கர் கூப்பிட்டு வராதவர் நீதிமன்ற வளாகத்திலிருந்து கடிதம் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வருவார். 50,000-க்கு மேல் சேதம் என்றால் நான் இங்கேதான் போவேன்.

ஒத்திக்கு விட்டவர்களுக்குக் கணக்கே வேறு. மாத வாடகை இல்லாததால் வாடகை பாக்கி என்ற பேச்சு இல்லை. லட்சக்கணக்கில் பணம் நம்மிடம் இருப்பதால் பிடித்தம் பற்றிய பயமும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்திலோ பழைய கடனிலோ போட்டிருப்போம். "பணத்தைக் கொடுங்க, போறேன்" என்று அவர் சொன்னால் வாயடைத்துப் போவது நாம்தான். ஒத்திக்காரரோடு குரலை உயர்த்துமுன் திருப்பிக் கொடுக்கப் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் கதைக்கு வருகிறேன். புரோக்கரை வைத்துப் பேசி, கையோடு நாலு வரிக் கடிதமும் கொடுத்த பிறகு, புதன்கிழமை காலை கதவு திறந்தது. பிளம்பர் முதலில் குழாயைத் தொடவே இல்லை. "குழாய் ஒழுகுனா ராத்திரி பகல் சொட்டும். உங்களுக்குக் காலைலதான அதிகம்? அப்ப தரைதான்" என்றார். தரைக் கழிவு வாயைத் துணியால் அடைத்து, நீலச் சாயம் கலந்த தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்குத் தேக்கிவிட்டு வந்தார். மறுநாள் மதியம் எங்கள் அடுக்களை மேற்கூரையில் இளநீலம்.

இடம் தெரிந்ததும் வாஷிங் மெஷினை நகர்த்திப் பார்த்தோம். கழிவுக் குழாயை விடுவதற்காகத் தம்பி தானே டைல்ஸை உளியால் கொத்தி, ஒரு ஓட்டை போட்டு, சுற்றிலும் வெறும் சிமென்ட்டை அப்பியிருந்தார். தண்ணீர் இறங்காமல் இருக்க அடியில் போட்டிருந்த பூச்சு அந்த இடத்தில் கிழிந்துவிட்டது. கதவைத் திறக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஆள் கெட்டவர் இல்லை, பயந்திருக்கிறார்.

மொத்தச் செலவு 11,600. அதில் 2,600 பழைய குழாயை மாற்றியதற்கு, அது என் கணக்கு. மீதி 9,000 ஓட்டைக்கும் கீழே கூரைப் பூச்சுக்கும். பில்லை அன்றே அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் என் மனைவியிடம் வந்து, "மதினி, அண்ணன்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க" என்றார். 1,500 குறைத்தேன். காலி செய்யச் சொன்னதற்கு, "மார்கழி பொறக்கப் போகுதுண்ணே, மார்கழில எவன் வீடு தருவான்" என்றார். அதுவும் நியாயம்தான். தையில் போனார். 42,500-ஐ எண்ணிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன்.

அடுத்து வீடு பார்க்க வந்த குடும்பம் அறைகளைச் சுற்றிவிட்டு முதலில் கேட்டது: "வாஷிங் மெஷின் எங்கண்ணே வைக்கிறது?" கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். பால்கனியில் ஒரு கழிவுக் குழாய் இறக்க வேண்டும், என் செலவில்.